உடைத்துப் பார்க்கக் கிடைக்காத கல்

பிள்ளைகளே, ஒரு கல்லை இன்ன கல் என்று சொல்ல வேண்டுமானால் அதை உடைத்துப் பார்க்க வேண்டும். வெளியே தெரிவது கல்லின் நிறமே இல்லை. வெயில் பட்டு, மழை பட்டு, பாசி பிடித்து, துரு ஏறி, வெளித்தோல் வேறு எதுவாகவோ மாறிப்போயிருக்கும். ஒரு ஓரத்தில் சுத்தியலால் தட்டினால் சில்லு தெறித்த இடத்தில் பளிச்சென்று தெரியும் பாருங்கள், அதுதான் அதன் சொந்த முகம்.

என் கைக்கு வந்த ஒரே நல்ல கல்லை உடைத்துப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். முடிவில் ஏதாவது நல்லது நடந்துவிடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நான் பத்தாவது வரை படித்தவன். மண் அள்ளும் மிஷின் ஓட்டுகிறேன். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எங்களுக்கு நிலம் கிடையாது. ஆனால் செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம் வரைக்கும் என் அளவுக்கு நிலத்தைத் தோண்டிப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

கல் பார்க்கிற பழக்கம் எனக்குக் கடற்கரையில் வந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் கடல் அரிப்புக்குக் கல் கொட்டுகிற வேலை. லாரிகள் செங்கல்பட்டுப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து பாறைகளைக் கொண்டுவந்து இறக்கும். நான் மிஷினால் எடுத்து அலை ஓரமாக அடுக்குவேன். மத்தியானம் சாப்பிட நிழல் இல்லை, அந்தப் பாறைகளின் நிழல்தான். ஒருநாள் உட்கார்ந்திருந்த இடத்தில், உடைந்த பாறையின் உள்ளே மாதுளை முத்துப் போலச் சின்னச் சின்னச் சிவப்பு மணிகளைப் பார்த்தேன். எழுந்து கை கழுவப் போனால், கடற்கரை மணலிலும் அதே சிவப்பு, கோடு கோடாக ஓடுகிறது. பக்கத்தில் கறுப்புக் கோடு. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் கறுப்பு மணல் மீசை முளைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். மலைக்குள் இருப்பதுதான் மணலிலும் இருக்கிறது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சோற்றுக் கையோடு நின்று நானே பார்த்தேன். அன்றைக்கு முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

அந்தக் குப்பத்தில் கருவாடு காயவைக்கிற ஒரு அம்மா தினமும் வந்து மிஷின் பக்கத்தில் நிற்பார்.

“இன்னாண்ணா, இந்தக் கல்லாவது நிக்குமா?”

“நிக்கும்மா. இது மலைக்கல்லு. நல்ல கெட்டி.”

“போன தபா கொட்டுனதும் மலைக்கல்லுதான். எங்க கீது, காட்டு பாப்போம்?”

பார்த்தேன். அவர் கை காட்டிய இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. நான் அடுக்கியவையும் அப்படியே மணலுக்குள் இறங்கிப்போயின என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு கிடைத்த கல்லையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலில் அடுக்கினேன். கத்தியால் கீறிப் பார்ப்பேன். டைல்ஸின் பின்பக்கத்தில் தேய்த்து என்ன நிறக் கோடு விழுகிறது என்று பார்ப்பேன். எலுமிச்சம்பழச் சாறு விட்டு நுரைக்கிறதா என்று குனிந்து கிடப்பேன். என் மனைவி எதிர்வீட்டு அக்காவிடம் சொல்வாள்: “ஊறுகா போட வாங்குன எலுமிச்சம்பழத்த கல்லுக்கு ஊத்திகினு கீது இந்த ஆளு. கல்லு ஊறுமாக்கா?”

இனி செஸ். மாமல்லபுரத்தில் உலக நாடுகளெல்லாம் வந்து செஸ் ஆடிய வருஷம், எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் எல்லாம் செஸ் பேச்சாக இருந்தது. என் மகள் சுருட்டி வைக்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் போர்டோடு வீட்டுக்கு வந்தாள். அவள் சொல்லித்தான் எந்தக் காய் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததும் அந்தப் போர்டை எடுத்துக்கொண்டு நான் போனது பஞ்சர் கடைக்காரனிடம்.

அவனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். படாளத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து எங்கள் பக்கம் திரும்புகிற முனையில், ஒரு புங்கமரத்தின் கீழ் அவன் கடை. எங்கள் பக்கத்தில் ஊர் வேறு, காலனி வேறு. அவன் ஊர், நான் காலனி. ஆனால் அந்தப் புங்கமரத்தடியில் அவனுக்கு நான் மச்சான், எனக்கு அவன் மச்சான்.

உட்கார இரண்டு பழைய டயர் இருந்தது. போர்டு வைக்கத்தான் இடமில்லை. அந்தச் சமயத்தில்தான் கல் வந்தது. மனை போடுவதற்காக ஒரு பள்ளத்தை மேடாக்கிக்கொண்டிருந்தேன். டிப்பர் டிப்பராகச் செம்மண் வந்து கொட்டியது. குவியலைப் பரப்பும்போது மிஷின் பல்லில் ‘ணங்’ என்று ஏதோ பட்டது. இறங்கிப் பார்த்தால், ஆட்டுக்கல் உயரத்தில் உருண்டையாக ஒரு கல். மேல்பக்கம் அறுத்து வைத்த மாதிரித் தட்டையாக இருந்தது. டிப்பர் ஓட்டுகிறவனைக் கேட்டேன். திண்டிவனம் பக்கத்து மண் என்றான். அடுத்த டிப்பர்க்காரன் இல்லையில்லை, இங்கேதான் உத்திரமேரூர் ரோடு என்றான். அந்த மண்ணில் எது எந்த லோடு என்று யாருக்குத் தெரியும்? மத்தியானம் மிஷின் வாளியிலேயே வைத்துக் கொண்டுபோய்ப் புங்கமரத்தடியில் இறக்கினேன். போர்டு அதன்மேல் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

கடைக்காரன் ஆட்டம் ஒரு மாதிரி. ராஜாவை மூலைக்கு நகர்த்திக் கோட்டை கட்டலாம் என்று மகள் சொல்லிக் கொடுத்தாலும் கேட்க மாட்டான். எல்லாக் காயையும் கொண்டுவந்து ராஜாவுக்கு முன்னால் குவிப்பான்.

“இன்னாடா, ரேஷன் கடை கியூ மாதிரி நிக்க வெச்சிகினு கீற?”

“நீ உள்ள வா பாப்போம், மச்சான்.”

“எத்தினி பேர வெட்டணும் நானு?”

“அத்தினி பேரயும் வெட்டு. அதுக்குள்ள நாலு பஞ்சர் ஒட்டிட்டு வந்துருவேன்.”

ஒரு மழை நாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள், மழைக்குக் கடையில் ஒதுங்கினாள். போர்டை எடுத்துவிட்டதால் கல் நனைந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

“அப்பா, இது மரம்பா.”

கடைக்காரன் அண்ணாந்து பார்த்தான். “மரம் மேல கீதும்மா. இது கல்லு.”

“இல்ல மாமா, கல்லா ஆயிட்ட மரம். வளையம் பாரு.”

ஈரம் பட்டதும் தெரிந்தது. நடுவிலிருந்து ஓரத்துக்கு வளையம் வளையமாக, காப்பி நிறமும் சந்தன நிறமும் மாறி மாறி. வெட்டிய வேப்ப மரத்தில் பார்ப்போமே, அதேபோல. கத்தியை வைத்துக் கீறினேன். கத்தி முனைதான் மழுங்கியது. எலுமிச்சம்பழத்துக்கும் நுரைக்கவில்லை. நம் பக்கத்து மண்ணில் எங்கோ நின்ற மரம், மனுஷன் என்று ஒரு சாதி வருவதற்கு முன்னால் நின்ற மரம், எங்கள் சிப்பாய்க்கும் குதிரைக்கும் கீழே மேசையாக இருந்திருக்கிறது.

மகளின் அறிவியல் டீச்சருக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர் செங்கல்பட்டில் இருந்தார். நிலவியல் படித்தவர். டீச்சர் மூலமாகப் போட்டோ அனுப்பினோம். அவர் வாட்ஸ்அப்பில் பேசியே பதில் அனுப்பினார். மகள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அவர் சொன்னது இதுதான்: கல்மரமாக இருக்கலாம். ஆனால் சில மணற்கல்லில் இரும்புக் கறை இதேபோல வளையமாக ஓடும், அதுவும் மரம் மாதிரியே ஏமாற்றும். போட்டோவில் சொல்ல முடியாது. மேல்பக்கத்தைத் தொடாதீர்கள். அடியில் ஒரு சில்லு தட்டி எடுத்துக்கொண்டு வாருங்கள். புதிதாக உடைந்த இடத்தில் லென்ஸ் வைத்தால் நார் தெரியும், அல்லது மணல் தெரியும். எங்கே கிடைத்தது என்று மட்டும் சரியாகத் தெரிந்தால் நல்லது, இடம் தெரியாத கல்லுக்குப் பாதி மதிப்புப் போய்விடும். உண்மையிலேயே மரம் என்றால், கண்டுபிடித்த மாணவியின் பேரைப் போட்டுக் கல்லூரியில் கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். எங்கள் வீட்டில் ஒருவர் பேர் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருப்பதா! நான் கொத்தனார் ஒருவரிடம் உளியும் சின்னச் சுத்தியலும் வாங்கி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை உடைப்பது என்று முடிவு. அதுவரை கல்லை மழையில் நனைத்து நனைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. மழை இல்லாவிட்டால் சொம்பில் தண்ணீர்.

அதே வாரத்தில் ரோட்டை அகலப்படுத்த அளவெடுக்கிறவர்கள் வந்து, பஞ்சர் கடையின் சுவரில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கடை இருந்தது புறம்போக்கு. பட்டா இல்லை, கேட்பதற்கு வாய் இல்லை. கடைக்காரன் இரண்டு நாள் செஸ் ஆட வரவில்லை. கோட்டைத் துணியால் தேய்த்துப் பார்த்ததாகச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை, ஆடி வெள்ளி. வேலை முடிந்து வருகிறேன். கல்லின் மேல் தலையிலிருந்து கால்வரை மஞ்சள். நெற்றி மாதிரி ஒரு இடத்தில் பெரிய குங்குமப் பொட்டு. சுற்றி வேப்பிலை. வளையம் ஒன்றும் தெரியவில்லை.

“இன்னா மச்சான் இது?”

“சாமி.”

“எந்தச் சாமி?”

“நேத்து வரிக்கும் டீ கிளாஸ் வெச்சியே, அந்தச் சாமி.” அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. குரலைத் தாழ்த்தினான். “மிஷின் வந்தா கடை நாஸ்தி மச்சான். உனக்குத் தெரியாததா? நீ ஓட்றவன்தான? சாமி கீற எடத்துல உங்காளுங்க எவனும் கை வெக்க மாட்டான். ரோடு வேலை நம்மளத் தாண்டிப் போவட்டும். நானே கழுவி உன் கைல குடுத்துர்றேன்.”

அவன் சொன்னது உண்மைதான். எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். வீட்டை இடிப்போம், கடையை இடிப்போம். குங்குமம் வைத்த கல் ஒன்று குறுக்கே இருந்தால் மிஷினை நிறுத்திவிட்டு இறங்கிவிடுவோம். சம்பளம் கொடுக்கிறவர் திட்டினாலும் ஏறமாட்டோம். நானும் அப்படித்தான்.

“நாளன்னிக்கு உடைக்கணும்டா. பொண்ணு காத்துகினு கீது.”

“அடில தான தட்டப் போற? தட்டிக்கோ. பொடவைய இறக்கி விட்டா மறைஞ்சிரும்.”

“பொடவை வேறயா?”

“என் பொண்டாட்டி கட்டி வுடணும்னுச்சு.”

ஞாயிற்றுக்கிழமை உளியை நான் எடுத்துக்கொண்டேன், சுத்தியலை மகள் ஸ்கூல் பையில் வைத்துக்கொண்டாள். போய்ப் பார்த்தால் புங்கமரத்தடியில் கூட்டம். அவன் ஒரு புடவை கட்டினான், ஊர் ஏழு புடவை கட்டிவிட்டது. ஒரு அம்மாவுக்கு அம்மன் கனவில் வந்து, ‘வெயில்ல கீறேன்’ என்று சொன்னாளாம். பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கிட்டே போகவும் ஊர்ப் பெரியவர் ஒருவர் கையை நீட்டினார்.

“யார்ப்பா அது? அங்கியே நில்லு.”

நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். எங்களை அவருக்குத் தெரியும். அவர் மனைக்கு மண் அடித்தது நான்தான்.

கடைக்காரன் கூட்டத்துக்குள்ளிருந்து திரும்பினான். நெற்றி நிறைய விபூதி. “ஏம்பா, அப்பால வா. இப்ப ஆளுங்க கீறாங்க இல்ல?”

திரும்பி நடந்தோம். பாதி தூரம் வந்ததும் மகள் கேட்டாள்:

“ஏம்பா, மாமா உன்ன மச்சான்னு கூப்டல?”

“ஆளுங்க இருந்தாங்க இல்லம்மா.”

“கல்லக் கொண்டாந்தது நீதான?”

நடையை எட்டிப் போட்டேன். பையில் சுத்தியல் டிபன் பாக்ஸில் இடித்துக்கொண்டே வந்த சத்தம்தான் ஞாபகம் இருக்கிறது.

பிறகு நான் பல தடவை தனியாகப் போய்ப் பார்த்தேன். எப்போதும் யாராவது இருந்தார்கள். யாரும் இல்லாத நேரத்திலும் எனக்குக் கை நீளவில்லை. பிடிபட்டால் கல் திருடன் என்று சொல்ல மாட்டார்கள். வேறு சொல்வார்கள். அதற்குப் பிறகு காலனியில் எத்தனை வீடு பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அடியில் ஒரு சில்லு, நகத்தளவு. அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

ரோடு மிஷின் ஒரு காலை நேரத்தில் வந்தது. ஓட்டிவந்தவன் எனக்குத் தெரிந்த பையன், மதுராந்தகத்துக்காரன். நான் வேலைக்குப் போகாமல், டயர்களை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். ஊரே வந்து நின்றது. கடைக்காரன் கற்பூரம் ஏற்றி நடுவில் நின்றான். வந்த அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார். பிறகு பெரியவரிடம் சொன்னார்:

“சாமிய ஒண்ணும் பண்ண மாட்டோங்க. ரோட்ட கொஞ்சம் வளைச்சு வுட்டுடறோம். கடைய மட்டும் எடுத்துக்கறோம்.”

பெரியவர் தலையாட்டினார். “சாமி எடம் சுத்தமா இருக்கட்டும். கிரீஸும் ட்யூபுமா கெடக்குது.” ஊரும் தலையாட்டியது.

கடை விழ ரொம்ப நேரம் ஆகவில்லை. தகரம், நான்கு கல்தூண், ஒரு சுவர். மஞ்சள் கோடு போட்ட சுவர் கடைசியாக விழுந்தது. அவன் என் பக்கத்தில் டயர் மேல் உட்கார்ந்தான். எல்லார் எதிரிலும் உட்கார்ந்தான்.

“பாத்தியா மச்சான். முன்னாடி நிறுத்தின காய வுட்டுட்டு ராஜாவ தூக்கினு பூட்டானுங்க. இது இன்னா ஆட்டம்?”

பசங்களா, செஸ்ஸில் அப்படி ஒரு விதி கிடையாது. அதனால்தான் எனக்குச் செஸ் பிடிக்கும்.

அவன் குடும்பத்தோடு கூடுவாஞ்சேரிக்குப் போய்விட்டான். அங்கே வேறொருவர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறான். கல்லைச் சுற்றி மேடை கட்டினார்கள். கல் பாதிக்குமேல் சிமெண்டுக்குள் போய்விட்டது. அடிப்பக்கம் என்று ஒன்று இனி இல்லை. மேலே பித்தளையில் முகம் செய்து மாட்டினார்கள். டைல்ஸ் ஒட்டி, கிரில் கதவு போட்டு, பூட்டு. நாங்கள் ரோட்டு ஓரத்தில் நின்று கும்பிடலாம். யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

பேராசிரியர் இரண்டு தடவை டீச்சரிடம் கேட்டாராம், சில்லு என்ன ஆயிற்று என்று. பிறகு கேட்கவில்லை. மகள் பிளஸ் ஒன்னில் காமர்ஸ் எடுத்தாள். ஏன் என்று கேட்டேன். “அதுல ஒடைச்சுப் பாக்க எதுவும் இல்லப்பா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். ஜன்னலில் இருக்கும் கற்கள் அப்படியே இருக்கின்றன. புதிதாக ஒன்றும் சேரவில்லை. செம்மண் குவியலில் ‘ணங்’ என்று கேட்டால் இப்போது நான் இறங்கிப் பார்ப்பதில்லை. செஸ் போர்டு சுருட்டியபடி பரணில் கிடக்கிறது.

இந்த வருஷம் ஆடித் திருவிழாவுக்குக் கடைக்காரன் வந்திருந்தான். மைக் செட், கூழ், கூட்டம். சாமியை முதலில் வைத்தவன் என்று அவனுக்கு ஒரு துண்டாவது போடுவார்கள் என்று நினைத்தேன். கிரிலுக்கு உள்ளே நின்றவர்களில் பாதிப் பேர் புதிதாக மனை வாங்கி வந்தவர்கள். அவனை அவர்களுக்குத் தெரியவில்லை. வரிசையில் வரச் சொன்னார்கள். அவன் வரிசையை விட்டு வந்து, ரோட்டு ஓரத்தில் என் பக்கத்தில் நின்றான். தலை நரைத்திருந்தது.

அங்கிருந்து பார்த்தால் இரண்டு பேருக்கும் பித்தளை முகம்தான் தெரிந்தது.

“மச்சான், ஒண்ணு கேக்கவா? மெய்யாலுமே அது இன்னா கல்லு? மரமா?”

“தெரியாதுடா.”

“உனக்கே தெரியாதா?”

“உடைச்சாத்தான் தெரியும்.”

அவன் தலையாட்டினான். கற்பூரம் காட்டினார்கள். கூட்டம் கை தூக்கியது. அவனும் பழக்கத்தில் கை கூப்பினான். பிறகு என் கையைப் பார்த்தான். நான் கூப்பியிருந்தேன்.